லில்லியின் காணியில் கசிந்த கடல்

கடலுக்கு அடியில் துளை போடுவதற்கு முன்னால் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த மக்களிடம் என்று அந்த விதியில் இல்லை. ஆழ்கடல் எரிபனி வாரியம் இதை நன்றாகப் படித்து வைத்திருந்தது. கரையோரக் குப்பங்களில் கூட்டம் போட்டால் மீனவர்கள் கேள்வி கேட்பார்கள். முந்தின வருஷம் வேறொரு வாரியம் அப்படிப் போட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாடுகூட இல்லாமல் பொழுது சாயும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் இந்த வாரியம் வரைபடத்தை விரித்து வைத்து, புதுச்சேரிக்கு உள்ளேயும் இருக்க வேண்டும், ஒரு படகும் இருக்கக் கூடாது என்று தேடியது. பாகூருக்குப் பக்கத்தில் செலியமேடு கிடைத்தது. செலியமேட்டில் நெல்லும் கரும்பும்தான் இருக்கின்றன.

ஆடி மாசத்தில் ஒரு நாள் காலை பந்தல் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, ஆளுக்கு ஒரு வடை. நூற்று நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள். அதில் லில்லியும் ஒருத்தி.

லில்லிக்குக் கடைசி வாய்க்காலில் ஒரு காணி நிலம். அவளுடைய மாமனாரும் மாமியாரும் ஆயுசு முழுக்க அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். புருஷன் பிரிட்டோ ஒரு கம்பெனியில் இருபது வருஷம் இரும்பு தூக்கி, முதுகு போய், வேலையை விட்டபோது கையில் வந்ததை அப்படியே கொடுத்து அதே நிலத்தை வாங்கினார்கள். பட்டா லில்லி பெயரில் இருக்கிறது. வாங்கின மறு வருஷமே புயல் வந்தது. ஆறு உடைத்துக்கொண்டு வந்து, காணி முழுக்க முட்டிவரை மணலைக் கொட்டிவிட்டுப் போனது. இரண்டு பேருமாக இரண்டு மாசம் வாரிப் போட்டார்கள். இன்னொரு தடவை அப்படி வந்தால் வார முடியாது என்று பிரிட்டோவின் முதுகு அப்போதே சொல்லிவிட்டது. நோட்டீஸில் 'பருவநிலை அபாயங்கள் குறித்து விளக்கமளிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்ததால்தான் லில்லி கூட்டத்துக்கு வந்தாள். மழையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

வாரியத்தின் இணை இயக்குநர் கலைவேந்தன் ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு வராத ஆள் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது.

"கடலுக்கு அடியில், ஆயிரம் மீட்டருக்கும் கீழே, மீத்தேன் வாயு பனிக்கட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. குளிரும் அழுத்தமும் இருக்கும்வரை அது வெளியே வராது. கடல் சூடானால் வந்துவிடும். வந்தால் வானம் சூடாகும். வானம் சூடானால் கடல் இன்னும் சூடாகும். இவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து உங்களைக் காப்பாற்றத்தான், அது தானாக வருவதற்கு முன்னால் நாங்களே வெளியே எடுக்கிறோம்" என்றார்.

எடுத்து என்ன செய்வீர்கள் என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எரிப்போம் என்றார். எரித்தால் சூடாகாதா என்று அதே குரல் கேட்டது. ஆகும், ஆனால் அது திட்டமிடப்பட்ட சூடு, ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது என்றார். கையோடு பாதுகாப்பையும் சொல்லி முடித்தார். வாரியத்தின் வரலாற்றில் இதுவரை ஒரு விபத்துகூட நடந்ததில்லையாம். வாரியம் தொடங்கிப் பதினோரு மாசம் ஆகியிருந்தது. அதுவரை ஒரு துளையும் போட்டதில்லை. அபாயங்களைப் பற்றிய ஆய்வறிக்கை தயாராக இருப்பதாகவும், படித்தால் மக்கள் பயப்படுவார்கள் என்பதால் மக்கள் நலன் கருதி அதைப் பூட்டி வைத்திருப்பதாகவும் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பிறகு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

லில்லி எழுந்து நின்றாள்.

இங்கே ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசி வாய்க்கால் மதகுக் கூட்டத்தில் தண்ணீர் முறை பிரிக்கும்போது, ஒத்துக்கொள்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர் எழுந்து நிற்பார். வாய் திறக்க மாட்டார். எல்லாரும் வாய் திறந்தால் மதகு திறக்காது என்பதற்காக எப்போதோ யாரோ செய்து வைத்த ஏற்பாடு. நிற்கிறவரிடம் காரணம் கேட்டு, அதற்குப் பதில் சொல்லி, அவர் உட்கார்ந்த பிறகுதான் தண்ணீர் பாய்ச்சும் முத்துசாமி முறையை எழுதுவார். ஒரு வருஷம் ஒருத்தர் ஒன்றரை மணி நேரம் நின்றார். அதுவரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஆக, லில்லி நின்றாள். அடுத்து முத்துசாமி நின்றார். அப்புறம் வரிசை வரிசையாக நாற்காலிகள் தேய, நூற்று நாற்பத்திரண்டு பேரும் எழுந்து வாய் திறக்காமல் நின்றார்கள். செலியமேட்டின் சரித்திரத்தில் இவ்வளவு பலமான எதிர்ப்பு எழுந்ததில்லை.

கலைவேந்தன் இரண்டு கையையும் கூப்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. போட்டோகிராபர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். ஒலிபெருக்கிக்காரர் எல்லாரும் நிற்பதைப் பார்த்து, கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து நாட்டுப்பண்ணைப் போட்டார். நாட்டுப்பண் பாடும்போது யார் உட்கார முடியும், யார் பேச முடியும்? அது முடிந்ததும் வாரியத்தின் ஜீப்புகள் கிளம்பிவிட்டன. வடைத் தட்டோடு பந்தலில் நின்றிருந்த முத்துசாமி, "இன்னாபா, பதில் சொல்லாமயே போய்ட்டாங்க" என்று நாற்காலி எடுக்க வந்தவனிடம் கேட்டார்.

மூன்று வாரம் கழித்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு வந்தது. 'செலியமேடு மக்கள் 142 பேரும் ஒருமனதாக எழுந்து நின்று திட்டத்தை வரவேற்றனர். எதிர்ப்பு: இல்லை.' அதோடு லில்லிக்குத் தனியாக ஒரு கடிதமும் இருந்தது. முதலில் எழுந்து நின்றவர் என்ற முறையில் அவருடைய ஆர்வத்தை வாரியம் பாராட்டுகிறது; அந்த ஆர்வத்தைக் கௌரவிக்கும் வகையில் கடல் மீத்தேன் கசிவுக் கண்காணிப்பு நிலையம் அவருடைய நிலத்திலேயே அமைக்கப்படும்.

லில்லி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்கு நாலு தடவை போனாள். பாகூரில் பஸ் ஏறி, நின்றுகொண்டே போய், அங்கேயும் நின்றாள். முதல் தடவை, எதிர்ப்பைத் தெரிவிக்க உட்கார்ந்தபடி வலது கையைத் தூக்குவதுதான் முறை, கையேட்டில் பதினேழாம் பக்கத்தில் இருக்கிறது என்றார்கள். கையேடு எங்கே கிடைக்கும் என்றாள். கூட்டத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை, நின்றது எதிர்ப்பதற்காகத்தான் என்று சாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாம் தடவை முத்துசாமியைக் கூட்டிப் போனாள். அவரும் அதே கூட்டத்தில் எழுந்து நின்று வரவேற்றவர் என்பதால் அவருடைய சாட்சி செல்லாது என்றார்கள். நாலாம் தடவை கலைவேந்தனையே பார்த்துவிட்டாள். கடலில் கசிவதைப் பிடிக்கிற மெஷினைக் கடற்கரையில் வைக்காமல் நெல் வயலில் ஏன் வைக்க வேண்டும் என்று கேட்டாள். கரையில் கட்டடம் கட்டினால் சுற்றுச்சூழல் கெடும், அதைச் சட்டம் அனுமதிக்காது என்று அவர் பொறுமையாக விளக்கினார். சுற்றுச்சூழல் விஷயத்தில் வாரியம் ரொம்பக் கண்டிப்பு.

ஐப்பசியில், சம்பாப் பயிர் பச்சைப் பசேலென்று தண்ணீரில் நிற்கும்போது, அதை மிதித்துக்கொண்டு வந்து காணியின் நட்ட நடுவில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டார்கள். அதன் மேல் ஒரு வெள்ளைப் பெட்டி. காற்றில் எவ்வளவு மீத்தேன் என்று பெட்டியில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் ஓடியது. சுற்றி முள்வேலி. இரண்டில் இருக்க வேண்டிய எண் முதல் நாளே மூன்றைத் தாண்டியது.

வாரியத்தில் ஒரே கொண்டாட்டம். இன்னும் கப்பலே கிளம்பவில்லை. அதற்குள் கசிவைக் கண்டுபிடித்தாயிற்று. துளை போடுவதற்கு முன்பே கசிவைக் கண்டுபிடித்த முதல் வாரியம் இதுதான் என்று கலைவேந்தன் பேட்டி கொடுத்தார். அந்த வாரமே லில்லிக்கு நோட்டீஸ் வந்தது. அவருடைய காணியிலிருந்து மீத்தேன் கசிந்துகொண்டிருப்பது உறுதியாகியிருக்கிறது. அவர் எந்த அதிகாரத்தின் பேரில் புவியைச் சூடாக்குகிறார் என்பதற்குப் பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

பிரிட்டோ அதை இரண்டு தடவை படித்தான். "ஒலகம் சூடாவறது நம்மளாலதானாம் லில்லி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

வாரா வாரம் பெட்டியைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு போக வெண்ணிலா என்று ஒரு பெண் வருவாள். வாரியத்தின் தொழில்நுட்ப உதவியாளர். அந்த வாரியத்தில் மீத்தேன் என்றால் என்ன என்று தெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். லில்லி நோட்டீஸை அவளிடம் காட்டினாள்.

"அக்கா, இது பொய்யும் இல்ல. தண்ணி தேங்கி நிக்கிற வயல்ல சேறு புளிச்சி கொஞ்சம் மீத்தேன் வரும். எல்லா நெல் வயல்லயும் வரும். ஆனா உங்க காணி ஊதுபத்தின்னா, கடலுக்கு அடியில கெடக்கிறது செங்கல் சூளை. கரியமில வாயுவைவிட பல மடங்கு சூட்டைப் பிடிச்சி வெச்சிக்கிற வாயு அது. அதைக் குத்திக் கிளப்பி, எசகுபிசகா வெளிய வந்துட்டா திருப்பி உள்ள அனுப்ப வழியே கெடையாது" என்றாள்.

"வந்தா மழ எப்டி இருக்கும்?" என்று லில்லி கேட்டாள். ஆடி மாசத்துப் பந்தலில் கேட்க நினைத்திருந்த கேள்வி அது.

வெண்ணிலா வாய்க்கால் ஓரத்தில் இன்னும் குவிந்து கிடந்த மணலைப் பார்த்தாள். "அந்த வருஷம் வந்துச்சி பாருங்க, அது மாதிரி. அடிக்கடி" என்றாள்.

லில்லி நோட்டீஸுக்குப் பதில் எழுதினாள். நெல் நட்டது உண்மை, ஊரில் எல்லாரும்தான் நடுகிறார்கள், என் வயலை மட்டும் கேட்பது எந்த நியாயம் என்று எழுதினாள். வாரியத்திலிருந்து உடனே பதில் வந்தது. அவ்வளவு வேகமாக அவர்கள் எதற்குமே பதில் சொன்னதில்லை. நெல் நட்டதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மற்ற வயல்களில் கருவி இல்லை, கருவி இல்லாத இடத்தில் கசிவு இல்லை என்பது வாரியத்தின் நிலையான முடிவு. வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கிருந்து வரும் வாயு வாரியத்தின் வரம்புக்குள் வராது. ஆகவே கசிவுக்கு முழுப் பொறுப்பு மேற்படி ஒரு காணியே. சம்பா அறுவடைக்குப் பிறகு அதில் மறு உத்தரவு வரும்வரை நெல் நடக் கூடாது. தண்ணீரும் பாய்ச்சக் கூடாது.

தை மாசம் அறுத்தார்கள். எல்லாரும் அடுத்த போகமான நவரைக்கு நாற்று விட்டார்கள். முத்துசாமி முறைச் சீட்டில் லில்லியின் பெயருக்கு நேரே வெறும் கோடு போட்டார். லில்லி அடுத்தவர் வயலில் நடவுக் கூலிக்குப் போனாள். மாமியார் செய்த வேலையை, அதே வாய்க்காலில், சொந்தக் காணியைப் பார்த்துக்கொண்டே செய்தாள்.

மாசியில் பெட்டியின் எண் இறங்கி இரண்டில் நின்றது. கசிவை அடைத்துவிட்டதாக வாரியம் அறிவித்து, தன் பணியாளர்களுக்கே விருது கொடுத்துக்கொண்டது. பங்குனிக் கடைசியில் நவரை அறுவடையும் முடிந்து சுற்று வட்டாரமே காய்ந்து கிடந்தது. சித்திரையில் கப்பல் போய்ச் சோதனைத் துளை போட்டது. துளை போட்ட நாலாம் நாள் எண் மூன்றானது. ஏழாம் நாள் ஐந்து. பத்தாம் நாள் ஒன்பது.

பதினோராம் நாள் உச்சி வெயிலில் கலைவேந்தனே ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே வெண்ணிலாவும் வந்தாள். பிரிட்டோ வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து வரப்பருகில் புங்க மர நிழலில் போட்டான். ஒன்றில் கலைவேந்தன் உட்கார்ந்தார், இன்னொன்றில் லில்லியை உட்காரச் சொன்னார். அப்படி ஒரு மரியாதையை அவர் அதுவரை காட்டியதில்லை. வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த காணியைப் பார்த்து அவர் முகம் வாடியது.

"என்னம்மா இது, வயலை இப்படிப் போட்டு வைத்திருக்கிறீர்களே" என்றார்.

"நீங்கதான் சார் நடாதன்னு எழுதனீங்க."

அதெல்லாம் பழைய விஷயம் என்று அவர் கையை வீசினார். ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேற்படி காணியில் நவரை நெல் நட்டிருந்தேன், இன்றுவரை தண்ணீர் நிற்கிறது என்று அதில் அச்சடித்திருந்தது. லில்லி கையெழுத்துப் போட்டால் போதும். தடை நீங்கும். வேலியை ஓரமாக நகர்த்தித் தருவார்கள். வைகாசியில் அடுத்த போகம் சொர்ணவாரி நட்டுக்கொள்ளலாம்.

பிரிட்டோவின் முகம் மலர்ந்ததை லில்லி பார்த்தாள். அவன்மேல் கோபப்பட முடியவில்லை. அவன் முதுகைக் கொடுத்து வாங்கிய நிலம்.

"போட்டா இன்னா ஆவும்?" என்று வெண்ணிலாவிடம் கேட்டாள்.

வெண்ணிலா கலைவேந்தனைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் சொன்னாள். "கடல்ல கசியிறது உங்க வயல் கணக்குல போயிடும். கப்பல் துளைச்சிக்கிட்டே இருக்கும்."

"போடலன்னா?"

"வேற வயல் மேல பழி போட முடியாது. கருவி இல்லாத எடத்துல கசிவு இல்லைன்னு சாரே எழுதியிருக்காரு. கடல்தான்னு எழுதியாகணும்."

"அப்ப கடல்னே எழுதுங்க சார்" என்றாள் லில்லி.

கலைவேந்தன் நிஜமாகவே வருத்தப்பட்டார். "எழுதலாம்மா. கசிவு என்றால் யார்மேலாவது நோட்டீஸ் விட வேண்டும். கடலுக்கு எந்த முகவரிக்கு அனுப்புவேன்? உங்களுக்கென்றால் பட்டா இருக்கிறது, ஆதார் இருக்கிறது" என்றார்.

கையெழுத்துப் போட்டால் காணி கிடைக்கும். மழை அந்த வருஷம் மாதிரி அடிக்கடி வந்தால் காணியும் இருக்காது, பிரிட்டோவும் எழுந்திருக்க மாட்டான். இதையெல்லாம் யோசிக்கச் சம்பளம் வாங்குகிறவர் எதிரே உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளை அவர் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு அவள் எழுந்து நின்றாள்.

வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்த முத்துசாமி அவள் நிற்பதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். கரும்புக்குக் களை வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருபது பேருக்கு மேல் வெயிலில் நின்றார்கள். கடைசியாகப் பிரிட்டோவும் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். யாரும் வாய் திறக்கவில்லை.

கலைவேந்தன் சுற்றிலும் பார்த்தார். ஆடி மாசத்தில் கலங்கிய அதே கண்கள் மறுபடியும் கலங்கின. கையைக் கூப்பினார்.

"சார், இவங்க நிக்கிறது..." என்று வெண்ணிலா ஆரம்பித்தாள். எனக்கு இந்த மக்களைத் தெரியும் என்று அவர் சொல்லிவிட்டு, தாளின் அடியில் இரண்டு வரி எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வைகாசி பிறந்ததும் உத்தரவு வந்தது. 'பட்டாதாரர் சாட்சிகள் முன்னிலையில் எழுந்து நின்று வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டதால் கையொப்பம் தேவைப்படவில்லை. கசிவுக்குக் காரணம் நெல் என்பது உறுதியானது. தடை நீக்கப்படுகிறது. மேற்படி காணியில் உடனடியாக நெல் நட்டுக்கொள்ளலாம்.' வெண்ணிலாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று தபால்காரர் சொன்னார். கப்பல் இரண்டாவது துளை போடப் போயிருந்தது.

பாகூர் ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சொர்ணவாரிக்குத் திறந்தார்கள். லில்லியின் முறை வந்த அன்றைக்கு முத்துசாமி மண்வெட்டியோடு மடையில் காத்திருந்தார். லில்லி வந்தாள். தண்ணீர் வாய்க்காலில் கலகலவென்று வந்து அவளுடைய வரப்பை முட்டியது. தை மாசத்திலிருந்து அவளுக்கு இல்லை என்றிருந்த தண்ணீர். மண்வெட்டியை வாங்கி, நாலு வெட்டு மண்ணை எடுத்துத் தன் மடையை அவளே அடைத்தாள். தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பியது. பிரிட்டோ தூரத்தில் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆனி மாசத்தில் எண் பதினான்கு ஆனது. காய்ந்த காணியின் நடுவில் பெட்டி மட்டும் நின்றது. பழி போட அந்தக் காணியில் ஒரு நாற்றுகூட இல்லை.

வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. புவியைச் சூடாக்குவதற்கு விளக்கம் கேட்ட அதே படிவம்தான். 'புவியைச் சூடாக்குகிறீர்கள்' என்று இருந்ததைப் பேனாவால் அடித்து, மேலே 'நெல் நடாமல் இருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். அனுமதி கொடுத்தும் எந்த அதிகாரத்தின் பேரில் நெல் நடாமல் இருக்கிறீர்கள், பதினைந்து நாளில் விளக்கம் தரவும்.

லில்லி அன்றைக்கே பதில் எழுதி அனுப்பினாள். விளக்கத்துக்கு என்று படிவத்தில் அரைப் பக்கம் இடம் விட்டிருந்தார்கள். அவள் ஒரே வரிதான் எழுதினாள்.

'இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.'